நாலு சுற்றில் ஒரு நகரம்

அவனுடைய பெயர் அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை. சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும். அவரும் மாதம் ஒருமுறைதான் நினைத்துக்கொள்வார். மற்றவர்களுக்கெல்லாம் அவன் தராசு. கணினி விளையாட்டு செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில், எதற்கு எவ்வளவு என்று எண் வைப்பது அவன் வேலை. கத்தி வெட்டினால் அரக்கனுக்கு எவ்வளவு உயிர் குறைய வேண்டும், குதிரை எப்போது மூச்சு வாங்க வேண்டும், புதையல் பெட்டியில் எவ்வளவு இருந்தால் ஆடுகிறவனுக்கு ஆசை வரும், எவ்வளவு இருந்தால் அலுத்துப்போகும், எல்லாம் அவன் கையில். கொஞ்சம் கூடினால் ஆட்டம் சப்பென்று போய்விடும். கொஞ்சம் குறைந்தால் ஆடுகிறவர் கோபத்தில் கைப்பேசியைத் தூக்கி எறிவார். அப்படி நான்காவது மாடி ஜன்னலிலிருந்து எறியப்பட்ட ஒரு கைப்பேசி, கீழே போய்க்கொண்டிருந்த காரின் கூரையில் விழுந்து, அங்கேயும் ஆட்டம் ஓடிக்கொண்டே இருந்ததாம். கார்க்காரர் இறங்கி வந்து, நடுத்தெருவில் நின்று மிச்ச ஆட்டத்தை ஆடி ஜெயித்துவிட்டுத்தான் வண்டியை எடுத்தாராம். நம்ப முடியாதவர்கள் நம்ப வேண்டாம். எண் சரியாக இருந்தால் மனிதர் என்னவெல்லாம் செய்வார் என்பதற்குச் சொன்னேன்.

வீட்டிலும் அவன் தராசுதான். ரொட்டியை இரண்டாக வெட்டச் சொன்னால், அவன் வெட்டிய துண்டுகளில் எது பெரியது என்று கண்டுபிடிக்க அத்தான் அளவு நாடா எடுத்துவந்து தோற்றிருக்கிறார். அத்தான் என்றால் அக்காவின் கணவர். லிஃப்ட் பழுது பார்க்கிறவர். நாள் முழுக்க இருட்டுக் குழிக்குள் தொங்கிவிட்டு வருவதால், வெளியே வந்ததும் பேச்சுக்குப் பஞ்சமில்லை.

"மாப்ள, நீ பொறந்தப்போ ரெண்டு கண்ணையும் ஒண்ணாத் திறந்திருப்ப. ஒண்ணு முந்திக்கிட்டா இன்னொண்ணு கோவிச்சுக்குமே," என்பார்.

தராசுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கல்யாணம் ஆகவில்லை. பார்த்த பெண்கள் எல்லாரையும் பற்றி நல்லதும் கெட்டதும் சரிக்குச் சரியாகச் சொல்லிக்கொண்டே இருந்தான். அவர்கள் எல்லாரும் வேறு யாரையோ கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அக்கா வீட்டு மாடியறையில் இருந்தான். அம்மா சீக்கிரமே போய்விட்டதால் அவனை வளர்த்தவள் அக்காதான்.

அக்காவுக்குப் பிள்ளையில்லை என்று யாராவது சொன்னால் அவர்கள் அந்த ஊருக்குப் புதுசு என்று அர்த்தம். நகரசபை நடத்துகிற குழந்தைகள் காப்பகத்துக்கு அவள்தான் பொறுப்பு. பெரிய ஆஸ்பத்திரிக்குப் பின்னால், தரைத்தளத்தில் மூன்று அறை. வாசலில் பெரியவர்களின் முழங்கால் உயரத்தில் வரிசையாகக் கொக்கிகள். பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாதே, அதனால் ஒவ்வொரு கொக்கிக்கு மேலும் ஒரு படம். வாத்து, குடை, சாவி, கப்பல். "குடை எங்க? குடை இன்னும் மூக்கு சிந்தல!" என்று அக்கா உள்ளேயிருந்து கத்தினால், தெருவில் போகிற தபால்காரர் மூக்கைத் துடைத்துக்கொள்வார். நர்சுகள், பஸ் ஓட்டுகிறவர்கள், ஆஸ்பத்திரி பெருக்குகிறவர்கள் எல்லாரும் விடிந்தும் விடியாமலும் பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டு ஓடுவார்கள். சாயங்காலம் வந்து தூங்குகிற பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு போவார்கள்.

அக்காவிடம் ஒரே ஒரு குறை. அவளுக்குத் தோற்கத் தெரியாது. சீட்டாட உட்கார்ந்து அவள் தோற்றதாகச் சரித்திரம் இல்லை. மூன்று வயதுப் பிள்ளையோடு ஜோடி சேர்க்கிற சீட்டு ஆடினாலும் விட்டுக்கொடுக்க மாட்டாள். "தோக்கவும் பழகணும்," என்று பிள்ளைகளுக்குச் சொல்வாள், தான் மட்டும் பழகாமல்.

இப்படி இருக்கையில்தான் நகரசபையிலிருந்து தராசின் கம்பெனிக்கு ஒரு வேலை வந்தது. ஊரை ஆளுகிற விளையாட்டு ஒன்று செய்து தர வேண்டும். சாதாரண ஜனங்கள் மேயர் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி நினைத்துக்கொண்டு வரி போடலாம், சாலை போடலாம், எதை வேண்டுமானாலும் திறக்கலாம், மூடலாம். எப்படி ஆடுகிறார்கள் என்று பார்த்து, ஊர் என்ன விரும்புகிறது என்று நகரசபை தெரிந்துகொள்ளும்.

முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். எல்லாரும் என்றால் பத்துப் பேர்கூட இல்லை. "ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. நமக்கு அரசியல் கிடையாது. நாம யார் பக்கமும் சாயக்கூடாது. தராசு, இது உனக்குன்னே வந்த வேலைப்பா."

தராசு அதை மனசோடு செய்தான். ஒவ்வொரு கட்டடத்துக்கும் என்ன செலவு, என்ன வரவு, எப்போது வரும் என்று கண்ணில் பட்ட ஆராய்ச்சியையெல்லாம் படித்தான். வாகன நிறுத்தம் கட்டினால் அடுத்த வருஷமே வரும்படி. காப்பகம் நடத்தினால் அப்படியில்லை. முதல் வருஷத்திலிருந்து செலவுதான். அம்மாக்கள் வேலையை விடாமல் இருந்து, சம்பளம் ஏறி, வரி கட்டி, பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்த் தேறிவருகிறபோதுதான் ஊருக்குப் பலன் தெரியும். அது ஆறாவது வருஷத்துக்குப் பிறகு. அப்படியே எண்ணை வைத்தான். ஒரு சுற்று ஒரு வருஷம். மொத்தம் பத்துச் சுற்று. அக்காவின் இடம் என்று துளிக்கூடக் கூட்டி வைக்கவில்லை. கூட்டிவிட்டோமோ என்று சந்தேகம் வந்து, ஒருமுறை கொஞ்சம் குறைத்தும் பார்த்தான்.

ஆட்டம் தயாரானதும் ஆட்களைப் பிடித்து உட்காரவைத்துப் பார்த்தார்கள். ஐந்தாவது சுற்றில் தபால் பையன் எழுந்து போனான். டீ கொண்டுவந்தவர் எழுந்து போனார். காவலாளி எழுந்து போகவில்லை, தூங்கிப்போனார். பார்க்க வந்த நகரசபைச் செயலர் கைக்கடிகாரத்தைத் தட்டினார்.

"பத்து வருஷமா? எங்க மேயரம்மாவுக்கே நாலு வருஷந்தானே பதவி? அது போதும்ல?"

"அதானே!" என்றார் முதலாளி. "தராசு, நாலாக்கு."

நாளைக்கு ஒப்படைக்க வேண்டும். தராசு பத்தை அழித்தான். நாலு என்று போட்டான். ஓர் எண்தான். ஆட்டம் ஓடுகிறதா என்று பார்த்தான்; ஓடியது. எழுந்து சாப்பிடப் போனான்.

ஆறாவது வருஷத்துப் பலன் நாலு வருஷத்து ஆட்டத்தில் எங்கே வரும் என்று அவனுக்கு அப்போது தோன்றவில்லை. முதலாளிக்கும் தோன்றவில்லை. செயலருக்குத் தோன்றியதா என்று எனக்குத் தெரியாது. அவர் முகம் எப்போதும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

ஊரே ஆடியது. பஸ் நிறுத்தத்தில் ஆடினார்கள், பல் டாக்டர் வாசலில் ஆடினார்கள். ஒருவர் தன் கல்யாணத்தில், மணமேடைக்குப் போகிற வழியிலேயே, இரண்டு சாலை போட்டு முடித்துவிட்டுப் போனாராம். நகரசபைக் கூடத்தில் கதவளவு பெரிய திரை வைத்தார்கள். காப்பகத்தைத் திறந்தே வைத்திருந்தவர்களின் ஊருக்கு மேல் சிவப்பு மேகம் வந்து நின்றது. ஜனங்கள் முகம் சுளித்தார்கள். மூடியவர்களுக்கு 'டிங்' என்று ஒரு சத்தம். கட்டடம் மறைந்து புல்தரை வந்தது, நடுவில் நீரூற்று. அந்த நீரூற்று வேறு ஏதோ இளவரசி விளையாட்டுக்கு வரைந்து மிஞ்சிப்போனது. படம் வரைகிறவள் சும்மா கிடக்கிறதே என்று தூக்கி வைத்தாள். யாருக்குத்தான் நீரூற்று பிடிக்காது?

ஒருநாள் சாயங்காலம் தராசு வீட்டுக்கு வந்தபோது அக்கா சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிராமலே கேட்டாள்.

"ஏன்டா, அந்த ஊர ஆளுற விளையாட்டு உன்னோடதா?"

"ஆமாக்கா. ஆடினியா?"

"எனக்கு எங்க நேரம்? மேயரம்மா ஆளு வந்துட்டுப் போனாங்க. ஊர்ல முக்காவாசிப் பேர் காப்பகத்த மூடிட்டாங்களாம் அதுல. ஜனங்க விருப்பம் அதானாம். அதனால நிஜமாவே மூடப் போறாங்களாம். ஒரு கூட்டம் வெப்பாங்களாம், கருத்துக் கேக்க. அப்புறம் பூட்டு."

தராசு பையைத் தரையில் வைத்துவிட்டு மறுபடி எடுத்தான்.

"என்னடா முழிக்கிற? நல்லாத்தானே செஞ்சிருப்ப, நீ?"

அந்த 'நீ'யில் அவள் வைத்த நம்பிக்கை இருக்கிறதே, அது அவனை மாடிப்படியில் பாதியில் உட்காரவைத்துவிட்டது. அங்கேயே உட்கார்ந்து யோசித்தான். நாலு. அந்த நாலு.

மறுநாள் காலையில் யாரும் வருமுன் அலுவலகம் போய், நாலைப் பத்தாக்கி ஓட்டிப் பார்த்தான். ஏழாவது சுற்றில் காப்பகத்தால் வந்த வரவு செலவை மிஞ்சியது. எட்டில் சிவப்பு மேகம் கலைந்தது. முதலாளி கதவைத் திறந்ததும் பிடித்துக்கொண்டான்.

"சார், தப்பு நடந்துபோச்சு. நாலு சுற்றுன்னா மூடுறதுதான் எப்பவும் லாபம். பத்தா மாத்தி அனுப்பிடலாம்."

முதலாளி பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. "கொடுத்து முடிச்ச வேலைப்பா. ஊரே ஆடிட்டு இருக்கு. இப்ப எண்ணை மாத்தினா அரசியல் பண்றோம்னு சொல்லுவாங்க. அதுவும் யாருக்காக? உங்க அக்காவுக்காக!"

"நாலுன்னு போட்டப்போ அரசியல் இல்ல, பத்துன்னு போட்டா அரசியலா சார்?"

"நாலு போட்டப்போ உனக்குத் தெரியாதே. தெரியாமப் பண்ணா அது வேலை. தெரிஞ்சு பண்ணா அரசியல்." சொல்லிவிட்டு அவரே ஒரு நிமிஷம் நின்றார், தான் சொன்னது தனக்கே பிடிக்காதவர் மாதிரி. பிறகு உள்ளே போய்விட்டார்.

தராசு நாற்காலிக்குத் திரும்பினான். சரி, பத்து மட்டும் நியாயமா என்று பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அதுதான் அவனுக்கு வினை. ஏழு போட்டால் தீயணைப்பு நிலையம் வீண் செலவாகத் தெரிந்தது. பன்னிரண்டு போட்டால் காப்பகம் பிழைத்தது, ஆனால் பழைய பஸ்களை ஓட்டிக்கொண்டே இருப்பவர் தோற்றார். இருபது போட்டால் சாலை போடுகிறவனே முட்டாள். எந்த எண்ணைப் போட்டாலும் யார் தலையிலாவது விழுந்தது. இத்தனை வருஷமாக அரக்கனுக்கும் குதிரைக்கும் எண் வைத்தவன், எந்த அரக்கனும் வந்து ஏன் என்று கேட்டதில்லை என்பதை அன்றைக்குத்தான் நினைத்துப் பார்த்தான்.

ஆனாலும் காப்பகம் மூடக்கூடாது. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் யாராவது ஒருவர் மேடையேறி எல்லார் முன்னாலும் ஆட்டம் ஆடிக் காட்டலாம் என்று அறிவித்திருந்தார்கள். தராசு அத்தானைத் தனியாகக் கூப்பிட்டு மொட்டைமாடியில் வைத்துச் சொன்னான்.

"அக்காவ ஆட விடுவோம் அத்தான். அவ காப்பகத்த மூடமாட்டா. ஊர் கடன்ல முழுகும். எல்லாரும் பாப்பாங்க. அப்ப நான் எழுந்து, இதே ஊரு, இதே அக்கா, பத்து சுற்றுன்னா என்ன ஆகுதுன்னு ஓட்டிக் காட்டுவேன். கையில கொண்டு போறேன்."

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லக்கூடாது. சொல்லிக்குடுத்து ஆட வெச்சா அது நாடகம். அவ இஷ்டத்துக்கு ஆடணும். அப்பத்தான் நியாயம்."

அத்தான் தாடையைச் சொறிந்தார். "மாப்ள, உங்கக்கா சீட்டாடி நீ பாத்திருக்கல்ல?"

"அது சீட்டு அத்தான். இது அவ பிள்ளைங்க."

"நாடகமாவே இருந்துட்டுப் போகட்டும்டா. சொல்லிடு."

தராசு சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் தராசாக இருந்திருக்க மாட்டான்.

கூட்டத்தன்று நகரசபை மண்டபம் நிரம்பி வழிந்தது. காப்பகத்து அம்மாக்கள் வேலை உடுப்போடே வந்திருந்தார்கள். பின்வரிசையில் நர்சு ஒருத்தி, குடைக்கொக்கிப் பிள்ளையின் அம்மா, அவனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மேயரம்மா நல்லவிதமாகத்தான் பேசினார். தனக்கும் பிள்ளைகள் என்றால் உயிர் என்றார். ஆனால் ஊர் தீர்ப்பு வேறு மாதிரி இருக்கிறது என்றார். பிறகு, "யாராவது வந்து ஆடிப் பாருங்க. யார் வேணாலும்!" என்றார்.

தராசு அக்காவின் முதுகில் மெல்லத் தள்ளினான். "போக்கா. உன் இஷ்டப்படி ஆடு."

காப்பகத்துக்காரியே வருகிறாள் என்றதும் மண்டபம் கைதட்டியது. அக்கா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு திரை முன்னால் நின்றாள். முதல் சுற்றில் எல்லாவற்றையும் நிதானமாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். காப்பகக் கட்டடத்தைத் தொட்டு, அது பெரிதாகத் திறந்துகொண்டதும் உள்ளே கொஞ்சநேரம் எட்டிப் பார்த்தாள். பிறகு அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்த சுற்றுக்குப் போனாள். சிவப்பு மேகம் வந்தது. ஜனங்கள் முகம் சுளித்தார்கள். தராசு தன் பையிலிருந்த கணினியைத் திறந்து வைத்துக்கொண்டான்.

அப்போது பார்த்துச் செயலர் ஒலிபெருக்கியில் சொன்னார். கெட்ட எண்ணத்தோடு சொன்னதுபோல இல்லை. "பரவாயில்லம்மா. முதல் தடவை எல்லாரும் தோக்கத்தான் செய்வாங்க."

அக்காவின் கழுத்து நிமிர்ந்தது.

பின்வரிசையிலிருந்து அத்தான், "போச்சு," என்றார்.

அவள் கை அதற்குப் பிறகு நிற்கவேயில்லை. வாகன நிறுத்தம் கட்டினாள். விளக்கைக் குறைத்தாள். நீச்சல்குளத்தை மூடினாள், டிங். காப்பகத்தின் மேல் விரல் வந்து நின்றது. டிங். புல்தரை, நீரூற்று. மண்டபம் ஓவென்று சிரித்துக் கைதட்டியது. அக்காவுக்குக் காது கேட்கவில்லை. மூன்றாவது சுற்றில் நூலகம் போயிற்று. நான்காவது முடிந்தபோது திரை முழுக்கப் பொன் நிறக் காகிதம் பறந்தது. 'இதுவரை ஆண்டவர்களில் இவரே முதல்வர்' என்று எழுத்து வந்தது. அக்கா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிச் சிரித்துக்கொண்டே தம்பியைத் தேடினாள்.

தேடிக் கண்டுபிடித்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கை மெல்ல இறங்கியது.

மேயரம்மா ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். படம் பிடித்தார்கள்.

தராசு எழுந்தான். "இது தப்பான ஆட்டம். நாலு சுற்றுங்கிறதால..." ஒலிபெருக்கி கைக்கு வருமுன்பே பேசத் தொடங்கிவிட்டான். யாருக்கும் கேட்கவில்லை.

"நீங்க யாரு தம்பி?" என்றார் செயலர்.

"இத செஞ்சவன். எண்ணெல்லாம் நான் வெச்சது."

"அப்போ நீங்கதான் நல்லா ஆட்டம் செஞ்சு குடுத்தவரு! இப்ப ஏன் தப்புங்கிறீங்க?"

"அவரு அந்தம்மாவோட கூடப்பிறந்தவருங்க," என்று முன்வரிசையில் யாரோ சொன்னார்கள். அவ்வளவுதான், சிரிப்பு பரவியது. தம்பி அக்காவுக்காகப் பேசுகிறான், அக்காவோ மூடிவிட்டாள். அதற்கு மேல் பத்துச் சுற்றைப் பற்றி அவன் சொன்னதெல்லாம் தோற்ற கட்சிக்காரர் வாதம் மாதிரி இருந்தது. கணினியைத் திரையோடு இணைக்கப் போனான், கம்பி பொருந்தவில்லை. வேறு கம்பி தேடுவதற்குள் நன்றியுரை ஆரம்பித்துவிட்டது.

வீட்டுக்கு மூன்று பேரும் நடந்தே போனார்கள். தெரு முனையில் அக்காதான் நின்றாள்.

"நீ ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நியாயமா இருக்கணும்னு நினைச்சேன்."

"நீயும் உன் நியாயமும்." அடிக்கக் கை ஓங்கி, அடிக்காமல் இறக்கினாள். கொஞ்சதூரம் போன பிறகு, "ஆனா ஒண்ணு சொல்றேன் கேளு. ஜெயிக்கிற வெறியில மட்டும் மூடல. முதல்லயே உள்ள எட்டிப் பாத்தேன்ல? யாருமே இல்லடா. மூணு ரூமு, விளக்கு எரியுது, ஒரு பிள்ளை இல்ல. காலிக் கட்டடத்துக்கு யாருடா செலவு பண்ணுவா?"

தராசுக்கு அது தெரியவே தெரியாது. எண் வைக்கிறவன் கட்டடத்துக்குள் எட்டிப் பார்த்ததில்லை.

மறுநாள் படம் வரைகிறவளிடம் போய்க் கேட்டான். அவள் திருதிருவென்று விழித்தாள்.

"பெரியவங்க உருவத்தையெல்லாம் அசைக்க உள்ள ஒரே எலும்புக்கூடுதான் சார். சட்டையை மாத்தி மாத்திப் போட்டா ஊரே ரொம்பிடும். பிள்ளைங்கன்னா எலும்பு தனியா செய்யணும், நடை தனியா செய்யணும், ஓடணும், விழணும். நேரம் எங்க இருந்துச்சு? நீங்களும் கேக்கல." சொன்னவள் மறுபடியும் திரையைப் பார்த்தாள். "ஆமால்ல. ஊர்ல பிள்ளைங்களே இல்ல." அவளுக்கே சிரிப்பு வந்தது, அப்புறம் நின்றுவிட்டது.

பாவம், நல்ல பெண். சொந்த நேரத்தில் உட்கார்ந்து பிள்ளைகளைச் செய்தாள். ஒன்றுக்குக் காலுறை நழுவியிருந்தது. ஒன்று காரணமேயில்லாமல் வட்டமடித்தது. காப்பகத்துக்குள் விட்டதும் அவை சுவரில் முட்டித் திரும்பி, மறுபடி முட்டின. தராசும் அவளும் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலாளியும் வந்து பின்னால் நின்று பார்த்தார்.

"அழகா இருக்கேப்பா," என்றார். "அடுத்த ஊருக்கு வெச்சுக்கலாம்."

காப்பகம் மூடப்பட்டது. கொக்கிகளைக் கழற்றவில்லை, வாகன நிறுத்தம் வருகிறபோது சுவரோடு போகும் என்றார்கள். கப்பல் கொக்கிப் பிள்ளையின் அம்மா வேலையை விட்டாள். பஸ் ஓட்டுகிறவர் பகல் முறையிலிருந்து இரவு முறைக்கு மாற்றிக்கொண்டார். அவரும் மனைவியும் படிக்கட்டில் பிள்ளையைக் கை மாற்றிக்கொள்கிறபோது மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிலர் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ள அனுமதி கேட்டு அக்கா அலைந்தாள். படிக்கட்டு குறுகல், கழிப்பறை ஒன்றுதான், கிடைக்காது என்று சொல்லிவிட்டார்கள்.

அவளை வேலையைவிட்டு அனுப்பவில்லை. நகரசபை அவ்வளவு கல்நெஞ்சு இல்லை. ஊரிலேயே அதிகப் புள்ளி எடுத்தவள் என்று, கூடத்திலிருக்கிற பெரிய திரைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். வருகிறவர்களுக்கு எப்படி ஆடுவது என்று சொல்லித்தர வேண்டும். கழுத்தில் தொங்கவிட அட்டை கொடுத்தார்கள்.

"போகாத," என்றார் அத்தான். "நான் தொங்குற கயிறு ரெண்டு பேரைத் தாங்கும்."

"வீட்ல உக்காந்து என்ன பண்ண? சுவத்தப் பாத்து மூக்கு சிந்துன்னு கத்தவா?" போய்விட்டாள்.

தராசின் கம்பெனிக்குப் பாராட்டுக் கேடயம் வந்தது. பக்கத்து நகரத்திலிருந்தும் அதே விளையாட்டு வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். முதலாளி எல்லாரையும் மறுபடியும் உட்காரவைத்தார்.

"பத்து சுற்று சார்," என்றான் தராசு, அவர் வாயைத் திறக்குமுன்.

"அந்த ஊர்ல பதவி அஞ்சு வருஷம். அஞ்சு போடு. போன தடவையவிட ஒண்ணு கூடத்தானேப்பா?"

தராசு வேலையை விட்டுவிடலாமா என்று நினைத்தான். விட்டால் அந்த நாற்காலியில் வேறொருவன் வந்து உட்கார்ந்து ஐந்து என்று போடுவான். அவனுக்குச் சங்கடம்கூட இருக்காது. வேலையில் இருந்தால் தன் கையாலேயே போட வேண்டும். இரண்டையும் நிறுத்துப் பார்த்தான். வழக்கம்போலச் சமமாகத்தான் இருந்தது.

படம் வரைகிறவள் கையைத் தூக்கினாள். "சார், இந்தத் தடவை பிள்ளைங்க இருக்காங்க. ஆடுறவங்க காப்பகத்த மூடினா அவங்க எங்க போகணும்?"

முதலாளி உண்மையாகவே யோசித்தார். "மெல்ல மறையட்டும்," என்றார்.

அன்று சாயங்காலம் தராசு அக்காவைக் கூட்டிக்கொண்டு போக நகரசபைக்கு வந்தான். கூடத்தில் நல்ல கூட்டம். திரைக்குப் பக்கத்தில் அக்கா அட்டையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டுமானால் வரிசையில்தான் நிற்க வேண்டும். நின்றான்.

இரண்டு பேர் தள்ளி முன்னால் அந்த நர்சு நின்றிருந்தாள், வேலைக்குப் போகிற உடுப்பில், பிள்ளை இடுப்பில். அவள் ஆட வரவில்லை. முறை வந்ததும் பிள்ளையை இறக்கி அக்காவின் நாற்காலிக்குப் பின்னால் உட்காரவைத்து, பையை அவன் மடியில் வைத்தாள். "கொஞ்ச நேரம் மட்டும். என் மாமியார் வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க," என்றாள்.

"செயலர் பாத்தா கத்துவாரும்மா."

"தெரியும்," என்று சொல்லிவிட்டு நர்சு ஓடினாள்.

அக்கா பின்னால் கையை நீட்டி, திரும்பாமலே அவன் மூக்கைத் தன் முந்தானையால் துடைத்தாள். கத்தவில்லை. அதற்குள் அடுத்தவர் வந்துவிட்டார், தொப்பி வைத்த ஒரு பெரியவர்.

"முதல்ல எத அமுக்கணும்மா?"

"உங்க இஷ்டங்க."

"நீங்கதானே ஜாஸ்தி புள்ளி எடுத்தவங்க? ஜெயிக்கணும்னா எது?"

அக்கா கொஞ்சநேரம் அவரைப் பார்த்தாள். பிறகு கையைத் தூக்கி, அந்தக் கட்டடம் எங்கே இருக்கிறது என்று காட்டினாள்.

டிங்.

தராசு நின்ற இடத்திலேயே நின்றான். வரிசை அவனுக்கு முன்னால் நகர்ந்து காலியாகிவிட்டது. பின்னால் நின்றவர் தோளைத் தொட்டார்.

"தம்பி, நீங்க ஆடலேன்னா வழி விடுங்க."

விட்டான்.